கடல்நீர் டேங்க்ல சீ ஸ்லக் வளர்க்கலாமா, அதுக்கு என்ன தீனி போடணும்?

சீ ஸ்லக்ங்கறது ஓடு வெளியில தெரியாத கடல் நத்தை. வளர்க்கலாம், ஆனா ஸ்லக் வாங்கறதுக்கு முன்னாடி அதோட தீனி உங்ககிட்ட இருக்கா, தீர்ந்துபோனா திரும்ப வளர்த்துக் குடுக்க முடியுமான்னு பாருங்க. மீனுக்குப் போடற பெல்லெட், ஃப்ளேக்ஸ் எல்லாம் இதுங்க திரும்பிக்கூட பார்க்காது.

கலர் கலரா கடைல இருக்கற நியூடிபிராங்க்ங்கற ஸ்லக் கூட்டத்துல க்ரோமோடோரிஸ், ஸ்பானிஷ் டான்ஸர் மாதிரி நிறைய வகை ஸ்பாஞ்ச்ங்கற கடல் உயிரியைத் தின்றதுதான், அதுலயும் எந்த ஸ்பாஞ்சா இருந்தாலும் தின்னுடாது. வாங்கிட்டு வந்ததும் கண்ணாடில நல்லா ஊர்ந்துட்டு இருக்கும், நமக்கு நல்லா இருக்குன்னே தோணும், ஆனா பட்டினியில உடம்பு சுருங்கிட்டே வந்து செத்துடும். ஃபைலிடியாங்கற நியூடிபிராங்க் இன்னும் ஆபத்து, தொந்தரவு பண்ணா விஷச் சளி விடும், சின்ன தொட்டில கூட இருக்கற மீனும் போயிடும். இந்த ரெண்டு கூட்டத்தையும் தயவுசெஞ்சு வாங்காதீங்க, நாம வாங்க வாங்கத்தான் கடல்லேர்ந்து பிடிச்சுட்டு வர்றாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பெர்கியாங்கற குட்டி நியூடிபிராங்க். முழுசா வளர்ந்தாலே ரெண்டு செ.மீ. சொச்சம்தான். தின்றது ஐப்டேசியா மட்டும், அதான் ரீஃப் டேங்க்ல (பவளம் வளர்க்கற தொட்டில) வேணாம் வேணாம்னாலும் முளைச்சு பவளத்தைக் கொட்டற அந்த பழுப்பு அனிமோன், பூ மாதிரி இருக்கற கடல் உயிரி. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு சிவப்பு டார்ச் அடிச்சுப் பாருங்க, கிட்டப் போனதும் முதுகுல இருக்கற முடி மாதிரி நீட்டல் எல்லாத்தையும் சிலுப்பிக்கிட்டு அனிமோன் தண்டைக் கடிக்கும், தின்னு முடிச்சப்புறம் அந்த நீட்டல்லாம் பழுப்பாயிடும். அனிமோனோட கொட்டற செல்லையும் செரிக்காம அந்த நீட்டல் நுனில சேர்த்து வெச்சு தனக்குப் பாதுகாப்பா வெச்சுக்கும்! அப்படியிருந்தும் பெப்பர்மின்ட் இறாலும் சில ராஸ் மீனும் இதைத் தின்னுடும், அதுங்க இருந்தா விடாதீங்க. ஐப்டேசியா காலியானா இதுவும் காலி, அதனால தனி டப்பால கொஞ்சம் ஐப்டேசியாவ ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால்) போட்டு வளர்த்து வெச்சுக்கங்க. தீனி சரியா கிடைச்சா வெள்ளையா சுருள் சுருளா முட்டை வெக்கும், சுமார் ரெண்டு வாரத்துல பொரியும், குஞ்சுங்களும் ஐப்டேசியாதான் தின்னும்.

பாசி தின்ற வகைல லெட்யூஸ் ஸ்லக்குக்கு பிரையாப்சிஸ் மாதிரி பாசி வேணும். பாசியோட செல்லை உறிஞ்சி அதுல இருக்கற பச்சையத்தை உடம்புலயே வெச்சுக்கும், அதை வெச்சு வெளிச்சத்துல கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், அதுக்காக லைட் மட்டும் போதும்னு விட்டுடாதீங்க. சீ ஹேர்ங்கற பெரிய ஸ்லக் வேற, முடிப்பாசிய மளமளன்னு மேஞ்சு பெரிய டேங்க்கையே காலி பண்ணிடும், அப்புறம் உப்பு மசாலா போடாத நோரி ஷீட்டை (காயவெச்ச கடல்பாசித் தாள்) கல்லுல கட்டிப் போட்டா பெரும்பாலும் தின்னும். பயந்தா ஊதா மை விடும், உடனே தண்ணி மாத்தி, ஃபில்டர்ல கார்பன் போட்டு ஓட்டணும். ஆயுசே ஒரு வருஷம் மாதிரிதான், சீக்கிரம் போச்சேன்னு மனசு உடைஞ்சிடாதீங்க.

எந்த வகையா இருந்தாலும் பவர்ஹெட் (தண்ணியைச் சுழற்ற பம்ப்), ஓவர்ஃப்ளோ (தண்ணி வழிஞ்சு வெளியேறற இடம்) வாயில ஃபில்டர் ஸ்பாஞ்ச் மாட்டுங்க, வீட்டு டேங்க்ல நிறைய ஸ்லக் அங்கயும் சாகுது, ஒண்ணு உள்ள போய் அரைபட்டா தண்ணியும் கெட்டுடும். உப்பு அளவு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025 கிட்ட, சூடு 25 டிகிரி செல்சியஸ் கிட்ட ஏறி இறங்காம இருக்கட்டும், புதுசா விடும்போது சொட்டு சொட்டா டேங்க் தண்ணி கலந்து பழக்குங்க. மீனுக்கு காப்பர் மருந்து குடுக்கணும்னா மீனை வேற தொட்டிக்கு மாத்தி அங்க குடுங்க, ஸ்லக் இருக்கற தண்ணில ஒரு சொட்டுகூட வேணாம்.