ஷாவ்லின் முதல் கோகு வரை: கேள்வி பதில்

கேள்வி: '7ஆம் அறிவு' பார்த்ததிலிருந்து, குங்ஃபூவைச் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் போதிதர்மர் என்று நம்பிவருகிறேன். ஆதாரம் உண்டா?

பதில்: பழைய ஆதாரம் எதுவும் இல்லை. குங்ஃபூவுக்குப் பேர்போன சீனாவின் ஷாவ்லின் மடம் 495இல் பாத்துவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. போதிதர்மர் பெயர் வரும் மிகப் பழைய நூல், 547ஐ ஒட்டி எழுதப்பட்ட, லோயாங் என்ற சீன நகரின் மடங்களைப் பற்றிய வரலாறு. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த முதியவர். அந்நகரின் யோங்னிங் மடத்துக் கோபுரத்தைப் பார்த்து வியக்கிறார், அவ்வளவுதான். தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்பது தான்லின் என்ற துறவி எழுதிய குறிப்பு. காஞ்சிபுரம் பிற்காலத்தில் சேர்ந்தது.

சண்டைக்கலையோடு அவரை முடிச்சுப் போட்டது 'யீஜின் ஜிங்' என்ற பயிற்சி நூல். தளபதி லீ ஜிங் 628இல் எழுதியதாக அதற்கு ஒரு முன்னுரை உண்டு. அது போலி, நூலே 1624 வாக்கில் உருவானது. அதிலும் இருப்பது தசைநாரை வலுவாக்கும் பயிற்சிதான், குத்துச்சண்டை இல்லை. தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930லேயே இந்தக் கதையை மறுத்துவிட்டார். சான் (ஜப்பானில் ஜென்) தியான மரபின் முதல் ஆசானுக்கு இரவல் பெருமை எதற்கு?

கேள்வி: அப்படியென்றால் ஷாவ்லின் துறவிகள் சண்டையே போடவில்லையா, ஐயா?

பதில்: போட்டார்கள். 621இல், பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று, அவருடைய எதிரி வாங் ஷிச்சோங்கின் படையை எதிர்த்ததை மடத்தின் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. எந்த ஆயுதத்தால் என்று அதில் இல்லை. மிங் அரசர்கள் காலத்தில் (1368–1644) அவர்கள் பெயர் வாங்கியது கம்பில். வெறுங்கைச் சண்டைக்குப் புகழ் வந்தது அதன் பிறகு.

கேள்வி: அந்தக் கம்பு எவ்வளவு நீளம் வாங்கலாம்?

பதில்: பழகுவதற்குப் புருவ உயரம் போதும். வூஷூ எனும் சீனச் சண்டைக்கலைப் போட்டிக்கென்றால் உங்கள் உயரத்துக்குக் குறையக்கூடாது. பாய்லா என்ற சீன மரத்தின் கம்பு ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருக்கும். தடித்த முனை பின்கையில் இருக்கட்டும். மாற்றிப் பிடித்தால் முன்முனை கனத்து மணிக்கட்டு வலிக்கும். கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் பாருங்கள். நடுவில் பெரிய கணு இருந்தால் வாங்காதீர்கள், ஓங்கி அடிக்கும்போது அங்கேதான் முறியும். மேடைக்கான மெல்லிய கம்பு நன்றாகத் துள்ளும். கம்போடு கம்பு மோதும் பயிற்சிக்குத் தாங்காது.

கேள்வி: ஹாங்காங் படங்களில் கம்பி கட்டிப் பறப்பது சில இடங்களில் மட்டும் ஏன் செயற்கையாகத் தெரிகிறது?

பதில்: பெரும்பாலும் இழுக்கும் நேரம்தான் காரணம். நடிகர் தன் காலால் உந்தி எழும் கணத்தில் இழுக்க வேண்டும். அதற்கு முன்பே இழுத்தால் மூட்டை தூக்கியதுபோல் இருக்கும்: முழங்கால் மடங்கியிராது, தோள் மட்டும் மேலே போகும்.

அடுத்தது கம்பி மாட்டும் இடம். பின்னோக்கித் தூக்கியெறியப்படும் காட்சிக்கு முதுகில் ஒன்று. பல்டிக்கு இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. இடுப்புக் கொக்கி உடலின் சமநிலைப் புள்ளிக்கு மேலே ஏறிவிட்டால் கால் கனத்துத் தொங்கும், சுற்று பாதியில் நிற்கும். கீழே இறங்கினால் தலை கவிழும். பின்னொளி பட்டால் கம்பி மின்னும் என்பது இன்னொரு தொல்லை. இப்போது அதைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். 'தி மேட்ரிக்ஸ்' (1999) படத்தின் சண்டைகளையும் அடுத்த ஆண்டு வந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' சண்டைகளையும் அமைத்தவர் ஒருவரே, யுவன் வூ-பிங். அவருடைய ஆட்கள் எழும்பும்போது முழங்காலை மட்டும் பாருங்கள்.

கேள்வி: 'டிராகன் பால்' என்ற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் கோகு, சீனக் குரங்கு வீரன்தானா? அவன் அனுமனா?

பதில்: முதலாவதற்கு ஆம். அந்தக் குரங்கு வீரனின் சுன் வுகோங் என்ற பெயரை ஜப்பானியர் வாசிப்பது சொன் கோகு. வால், நீளும் கோல், மேகம் மூன்றும் 16ஆம் நூற்றாண்டின் 'மேற்குப் பயணம்' என்ற சீன நாவலிலிருந்து வந்தவை. அங்கே அந்தக் கோலின் எடை 13,500 ஜின் (சீன எடை அளவு). காதுக்குள் ஊசியாக ஒளித்துவைப்பான். அனுமன் தொடர்பைச் சீன அறிஞர் ஹூ ஷி ஆதரித்தார். சீன எழுத்தாளர் லூ ஷுன், வூச்சிச்சி என்ற சீன நீர்க்குரங்கே மூலம் என்றார். இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் கருத்து.