தோட்டா விலை ஏறுகிறது: வாங்கி அடுக்கலாமா?

இம்முறை துப்பாக்கி சுடும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: விலை. ஏர் ரைஃபிளில் போடும் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) டின்னிலிருந்து ஷாட்கன்னுக்கான பன்னிரண்டு போர் (12-bore) கார்ட்ரிட்ஜ் வரை எல்லாமே ஏறியிருக்கிறது, இன்னும் ஏறும் என்று ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகி ஆறு மாதம் ஆகிறது. "விலை ஏறப்போகிறது, இருபது டின் பெல்லட் இப்போதே வாங்கிவிடுங்கள்" என்று ரேஞ்சில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (கோவை)

வேண்டாம் அம்மா. முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு டின்னில் 500 பெல்லட். குழந்தை வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு நூறு என்று சுட்டால் வாரம் ஒரு டின். அந்த வேகத்தில் இருபது டின் ஐந்து மாதத்துக்குச் சரியாக இருக்கும். ஆறு மாதமே பழகிய குழந்தை அவ்வளவு சுடவும் மாட்டாள், சுடவும் கூடாது. பள்ளித் தேர்வு வரும், நடுவில் ஒரு மாதம் ரேஞ்ச் பக்கமே போக முடியாது. ரைஃபிளை விட்டுவிட்டு பிஸ்டல் கேட்கும் பிள்ளைகளும் நிறைய.

இன்னொரு விஷயம், மேட்ச் பெல்லட் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரும். எது எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அந்தப் பொட்டை அடிக்கடி தொடும் அளவுக்கு வந்த பிறகுதான் இந்த நூறில் ஒரு பங்கு உங்கள் மகளுக்கு ஒரு பொருட்டாகும். இன்றைக்கு அவள் சுடுவது பெரும்பாலும் கிளப் ரைஃபிளாக இருக்கும். நாளை சொந்த ரைஃபிள் வாங்கினால், அலமாரியில் இருக்கும் இருபது டின்னும் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

பயிற்சிக்கு விலை குறைந்த நல்ல டின் இரண்டு மூன்று, போட்டிக்கு முன் மேட்ச் பெல்லட் ஒரு டின். இப்போதைக்கு இது போதும். கை கழுவும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். பெல்லட் தொட்ட கையோடு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் குழந்தைகளை எல்லா ரேஞ்சிலும் பார்க்கிறேன். அது ஈயம்.

விலை ஏறுவதற்குப் போர்தான் காரணமா? கடைக்காரர் கேட்டால் "ஈயம் விலை சார்" என்கிறார். (மதுரை)

பெல்லட் விஷயத்தில் ஈயத்தின் மேல் பழி போட முடியாது. ஒரு ரைஃபிள் பெல்லட் ஏறக்குறைய 0.53 கிராம். ஐந்நூறும் சேர்ந்து 265 கிராம். உலகச் சந்தையில் ஈயம் டன் 2,000 டாலர் அளவில்தான் இருந்துவருகிறது. அப்படியென்றால் ஒரு டின்னில் இருக்கும் ஈயத்தின் மதிப்பு ஐம்பது ரூபாய்கூட இல்லை. நாம் கொடுக்கும் பணம் அச்சு, தரம்பிரிப்பு, கப்பல், வரி, இடைத்தரகு எல்லாவற்றுக்கும் போகிறது. அதற்கு மேல் யூரோ. நல்ல பெல்லட்டும் நல்ல .22 (சிறிய ரைஃபிள்) தோட்டாவும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டி இருந்த ஒரு யூரோ, அதே ஆண்டில் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. தொழிற்சாலை ஒரு சென்ட் ஏற்றாவிட்டாலும் நமக்கு விலை ஏறத்தான் செய்யும்.

தோட்டாவின் கதை வேறு. அதில் போருக்குப் பங்கு உண்டு. தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக்கொட்டையில் பஞ்சு எடுத்த பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழையிலிருந்து அதைச் செய்கிறார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் பீரங்கிக் குண்டு உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போகின்றன. பீரங்கிக்கும் அதே சரக்குதான் வேண்டும். அரசாங்கம் மொத்தமாக ஆர்டர் போடும்போது விளையாட்டுக்காரர்களுக்கு வரிசையில் பின்னிடம்.

தோட்டாவின் கூட்டுக்கு, அதாவது கேஸுக்கு, பித்தளை வேண்டும். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. 2024 மே மாதம் செம்பு டன் 10,000 டாலரைத் தாண்டியது. பறக்கும் தட்டை ஷாட்கன்னால் சுடும் டிராப், ஸ்கீட் போட்டிக்காரர்களுக்கு ஆன்டிமனி என்ற உலோகத்தால் இன்னொரு தலைவலி. கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு குண்டுகள் நசுங்காமல் போக ஈயத்தோடு அதைக் கலக்கிறார்கள். 2024 செப்டம்பரில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே நிறுத்தியது. அந்த ஓராண்டில் ஆன்டிமனி விலை மூன்று மடங்கு வரை போனது. ஒரு கார்ட்ரிட்ஜில் 24 கிராம் குண்டு, 250 கார்ட்ரிட்ஜ் கொண்ட ஒரு பெட்டியில் ஆறு கிலோ. ஆகவே டிராப்காரர் உலோகச் சந்தையைத் திட்டினால் அதில் நியாயம் இருக்கிறது.

.22 ரைஃபிள் லைசென்ஸ் இருக்கிறது. 50 மீட்டர் த்ரீ பொசிஷன் (முட்டியிட்டு, படுத்து, நின்று சுடும் போட்டி). இரண்டு வருடத்துக்கான தோட்டாவை ஒரே தடவையில் வாங்கி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். (சென்னை)

லைசென்ஸை எடுத்து ஒரு தடவை படியுங்கள். ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய அதிகபட்சம், ஓராண்டில் வாங்கக்கூடிய அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் இருக்கும். விலை என்ன ஆனாலும் உங்கள் உச்சவரம்பு அந்த எண்கள்தான். உங்கள் பயிற்சிக்கு அது போதவில்லை என்றால், போட்டிச் சான்றிதழ்களையும் சங்கத்தின் கடிதத்தையும் வைத்து லைசென்ஸ் வழங்கும் அதிகாரியிடம் முறையாகக் கேட்பதுதான் வழி.

சரி, வரம்புக்குள் மொத்தமாக வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் நான் அதற்குச் சொல்லும் காரணம் விலை இல்லை, லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுப்பு. பெட்டியின் ஓரத்தில் ஒரு எண் அடித்திருப்பார்கள். அதே கம்பெனி, அதே பெயர், அதே கலர் டப்பா. லாட் எண் மாறினால் உங்கள் குழல் வேறு மாதிரி பேசும். ரைஃபிளை வைஸில் இறுக்கி 50 மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒரு லாட் பத்தையும் ஒரே ஓட்டையாகப் போடும். அடுத்தது, விலை கூடியதாகவே இருந்தாலும், இரண்டை வெளியே துப்பும். இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் துப்பிய அந்த இரண்டுக்குப் புள்ளி போய்விடும். ஆகவே மூன்று நான்கு லாட்டில் ஒவ்வொரு டப்பா வாங்கிச் சோதித்து, பிடித்த லாட்டில் ஒரு சீசனுக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள். சோதிக்காத சரக்கை மலிவு என்று குவிப்பது காசை முடக்குவதுதான்.

இப்போது 60 ஷாட்தான் போட்டி. முன்பு ஆண்களுக்கு 120 இருந்தது. போட்டிக்கான தோட்டாச் செலவு உண்மையில் பாதியாகக் குறைந்திருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை.

வைக்கும் இடம் முக்கியம். .22 தோட்டாவின் ஈயத்தின் மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருப்பார்கள். சென்னை மே மாதத்தில் மூடிய காரின் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தால் அது இளகிவிடும். அப்புறம் முதல் சில தோட்டாக்கள் எங்கே போகின்றன என்று குழம்பிக்கொண்டு இருப்பீர்கள். பூட்டிய அலமாரி, காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட். இது போதும்.

என் வரம்பு முடிந்துவிட்டது. நண்பர் தன் லைசென்ஸில் வாங்கி எனக்குக் கொடுக்கலாமா? (திருச்சி)

கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி அது குற்றம், இருவருக்கும். "ரேஞ்சில் எல்லாரும் செய்கிறார்கள்" என்பதைக் காவல் நிலையத்தில் சொல்லிப் பயன் இல்லை. கிளப்பின் தோட்டாவைக் கிளப்பிலேயே சுட வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அண்ணா, இங்கே 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டா விலை மறுபடி ஏறுகிறது. டாரிஃப் (இறக்குமதி வரி), செம்பு என்று பேச்சு. நண்பர்கள் ஆயிரம் ஆயிரமாக வாங்குகிறார்கள். நானும் வாங்கவா? (டல்லாஸ்)

தம்பி, உங்கள் ஊரில் இந்தக் காட்சி ஏற்கெனவே நடந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு சட்டம் இறுகும் என்ற பயத்தில் அமெரிக்கர்கள் வாங்கித் தள்ளினார்கள். சாதாரண .22 தோட்டா வருடக்கணக்கில் கடையில் எளிதில் கிடைக்கவில்லை. ஆளுக்கு இத்தனை டப்பா என்று கடைகள் வரம்பு வைத்தன. சில மாநிலங்களைத் தவிர நாடு முழுமைக்கும் சட்டம் ஒன்றும் இறுகவில்லை, சரக்கு மெல்லத் திரும்பி வந்தது. 2020-ல் கொரோனா, கலவரம், தேர்தல் எல்லாம் ஒன்றாக வந்தபோது, இருபது சென்ட்டை ஒட்டி இருந்த 9 எம்.எம். தோட்டா எழுபது சென்ட்டுக்கு மேல் போனது. பிறகு 2023 வாக்கில் விலை இருபத்தைந்து சென்ட் பக்கம் இறங்கிவிட்டது. உச்சத்தில் வாங்கி அடுக்கியவர்களின் பரணில் எழுபது சென்ட் தோட்டா இன்னும் இருக்கலாம்.

இம்முறை ஒரு வித்தியாசம் உண்டு. அந்த இரண்டு முறையும் பயம் விலையை ஏற்றியது, பயம் தணிந்ததும் விலை இறங்கியது. இப்போது செம்பு, வெடிமருந்து, இறக்குமதி வரி என்று அடக்க விலையே கூடியிருக்கிறது. அதனால் பழைய இருபது சென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். எழுபதுக்குப் போகும் என்று ஓடவும் வேண்டாம். மாதம் எவ்வளவு சுடுகிறீர்களோ அதைப்போல் நான்கைந்து மடங்கு கையில் வைத்துக்கொண்டு, சுடச் சுட நிரப்பிக்கொண்டே வாருங்கள். கடன் அட்டையில் தோட்டா வாங்காதீர்கள். முன்கூட்டி வாங்கி மிச்சம் பிடித்ததைப் பதினெட்டு, இருபது சதவீத வட்டி தின்றுவிடும்.

வீட்டில் ரீலோடிங் (காலிக் கூட்டை நிரப்பி மறுபடி தோட்டாவாக்குவது) செய்தால் மிச்சமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பவுடரும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் அதே தட்டுப்பாட்டில்தான் சிக்கியிருக்கின்றன. 9 எம்.எம்.முக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை.

தாத்தா காலத்து பன்னிரண்டு போர் கார்ட்ரிட்ஜ் ஒரு டப்பா இருக்கிறது. புதுசு விலை அதிகம் என்பதால் அதையே பயன்படுத்தலாமா? (புதுக்கோட்டை)

அட்டைக் கூடு கார்ட்ரிட்ஜ் ஈரத்தில் உப்பியிருக்கும். சேம்பரில், அதாவது குழலில் கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தில், இறங்காது; இறங்கினால் வெளியே வராது. முதலில் அந்த டப்பா யார் லைசென்ஸில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தாவின் லைசென்ஸ் என்றால், சுடுவதை விடுங்கள், வீட்டில் வைத்திருப்பதே சிக்கல். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டாச் செலவைக் குறைக்க வீட்டில் டிரை ஃபயர் (தோட்டா போடாமல் டிரிக்கரை இழுத்துப் பழகுவது) செய்யச் சொல்கிறார் கோச். ரைஃபிள் கெட்டுப்போகாதா? (சேலம்)

கோச் சொல்வது சரி. நிலை, மூச்சு, டிரிக்கர் மூன்றையும் தோட்டா இல்லாமலே பழகலாம். மேட்ச் ஏர் ரைஃபிள்களில் இதற்கென்றே டிரை ஃபயர் வசதி இருக்கும். .22-ல் மட்டும் கவனம். அதன் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பது. சேம்பர் காலியாக இருக்கும்போது சில துப்பாக்கிகளில் ஊசி சேம்பரின் விளிம்பிலேயே போய் இடித்து அங்கே பள்ளம் விழும். மேனுவலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் டம்மி போட்டுப் பழகுங்கள். ஆரம்பிக்கும் முன் போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.