புலிட்சர்: நடுவர்களும் வாரியமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

2012இல் அமெரிக்காவின் புனைவுக்கான புலிட்சர் பரிசு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று அண்மையில்தான் அறிந்தேன். இறுதிப் பட்டியலில் மூன்று நூல்கள் இருந்தும் ஒன்றுகூடத் தேறவில்லையா? செய்திக்கும் நாவலுக்கும் இசைக்கும் ஒரே அமைப்பு பரிசளிப்பது சரிதானா?

க.

அன்புள்ள க.,

தேறவில்லை என்று நடுவர்கள் சொல்லவில்லை. அந்த ஆண்டு மூன்று நடுவர்கள் ஏறத்தாழ 300 நூல்களைப் படித்து மூன்றைப் பரிந்துரைத்தார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. புலிட்சரில் நடுவர் குழு சலித்துக் கொடுக்கும். பரிசை முடிவு செய்வது அதற்கு மேலே உள்ள புலிட்சர் வாரியம். அங்கே எந்த நூலுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, பரிசும் இல்லாமல் போயிற்று.

ஜோசப் புலிட்சர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகை முதலாளி ஆனவர். நியூயார்க்கில் அவர் நடத்திய 'வேர்ல்ட்' பரபரப்புச் செய்திகளுக்குப் பேர்போனது (உயர்ந்த இதழியலுக்கான பரிசு அவர் பெயரில் இருப்பது ஒரு வேடிக்கைதான்). 1911இல் அவர் இறந்தபின் உயில்படி கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் பணம் போனது. 1917இல் முதல் பரிசுகள். நாவலையும் நாடகத்தையும் உயிலிலேயே அவர் சேர்த்திருந்தார். இசை 1943இல் வந்தது. ஆனால் வாரியத்தில் நெடுங்காலம் பத்திரிகைக்காரர்களின் கைதான் ஓங்கியிருந்தது.

1965இல் நடந்ததைப் பாருங்கள். தனியொரு படைப்புக்குப் பதிலாக ஜாஸ் இசைக்கலைஞர் ட்யூக் எலிங்டனின் வாழ்நாள் சாதனைக்குச் சிறப்புப் பரிசு கொடுக்கலாம் என்றது இசை நடுவர் குழு. வாரியம் மறுத்தது. மூன்று நடுவர்களில் இருவர் விலகினார்கள். அப்போது 66 வயதான எலிங்டன், இந்தச் சின்ன வயதில் எனக்கு அதிகப் புகழ் வேண்டாமென்று விதி கருணை காட்டுகிறது என்று சிரித்துவிட்டுப் போனார். 1974இல் இறந்தார். சிறப்புப் பரிசு அவரது நூற்றாண்டான 1999இல் வந்தது!

சரி, சொந்தத் தொழிலான செய்தியிலாவது வாரியத்தின் கணிப்பு தப்பாதா? 1981இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியதற்குப் பரிசு பெற்றார். அந்தக் கட்டுரை போட்டிக்கு வந்தது உள்ளூர்ச் செய்திப் பிரிவில். வாரியம்தான் அதைச் சிறப்புக் கட்டுரைப் பிரிவுக்கு மாற்றிப் பரிசளித்தது. அந்தப் பிரிவின் நடுவர்கள் அதைப் படித்திருக்கவே இல்லை. பரிசுச் செய்தியோடு வந்த வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்ததும், அவர் முன்பு வேலை செய்த டொலீடோ நாளிதழில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. அவர் வாங்காத பட்டங்கள் அதில் இருந்தன. விசாரித்தால், சிறுவனே கற்பனை. பரிசு திரும்பி வந்தது.

ஒரே அமைப்பு எல்லாவற்றுக்கும் பரிசளிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. துறை தெரிந்தவர்கள் பரிந்துரைத்ததை, அதே அளவு படித்திராதவர்கள் தள்ள முடிகிறது என்பதுதான் இடிக்கிறது. இறுதிப் பட்டியலையும் 1980 முதல் வெளியிடுகிறார்கள். அது நடுவர்களின் கையிலிருந்து நேராக வருவது. எனக்குப் புத்தகம் தேட அதுதான் உதவுகிறது. பரிசு பெற்றது எது என்பதை அப்புறம்தான் பார்ப்பேன்.