மாதம் எவ்வளவு துண்டு விழும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, வாரம் 2,200 ரூபாய் சம்பளம். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் உண்டு. போன மாதம் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தார். மூன்றாம் நாள் மறுபடியும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். "வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இரு" என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். பிடிவாதமாக மறுக்கிறார். முடிந்தபோதெல்லாம் பணம் அனுப்புகிறேன். தம்பி ஒரு பைசா தருவதில்லை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய குழுக்கடன் வேறு இன்னும் ஓடுகிறது. அம்மாவின் மனதை மாற்ற என்ன செய்யலாம்? முதியோர் பென்ஷனுக்கு முயற்சி செய்யலாமா? தம்பியைச் சட்டப்படி கொடுக்க வைக்க முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: அம்மாவின் மனதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலையை விட்டால் மாதம் எவ்வளவு துண்டு விழும் என்று ஒரு வரி கூட எழுதவில்லை. வாடகை எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, கடனில் பாக்கி எவ்வளவு, எதுவும் இல்லை. எழுத மறந்திருக்க மாட்டீர்கள். தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

குழுக்கடனை "வேறு" என்று ஓரமாக ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தின் நடுமையமே அதுதான் என்று தோன்றுகிறது. குழுக்கடன் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரித்திருக்கும். எட்டுப் பத்துப் பெண்கள் அட்டையும் பணமுமாக உட்கார்ந்திருப்பார்கள். வசூலுக்கு வருகிறவர் பைக்கை ஓரம் கட்டிவிட்டு வந்து ஒவ்வொரு அட்டையாகக் குறித்துக் கொடுப்பார். ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கூடிப் போட வேண்டும். போட்டுவிட்டு, மறுநாள் தண்ணீர்க் குழாயில் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். உங்கள் அம்மா மூன்றாம் நாள் ஏன் வேலைக்குக் கிளம்பினார் என்பதற்குப் பிடிவாதத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தவணைக் கிழமை எது என்று கேட்டால் போதும்.

நானும் இதே தப்பைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். என் அப்பா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார், 71 வயதுவரை. கண்ணில் புரை, கையில் நடுக்கம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஊருக்குப் போய் "போதும்ப்பா, விட்டுடுங்க" என்பேன். அவர் சிரிப்பார். அவர் போன பிறகு, வருடா வருடம் யாரோ இலவசமாகக் கொடுத்த டைரிகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வரவு செலவுக் கணக்கு. வாடகை, பால், மருந்து எல்லாம் பேனாவில். "பெரியவன்" என்று என் வரவுக்கு நேரே மட்டும் பென்சில். பணம் வந்தால் அதன்மேல் பேனாவால் எழுதியிருக்கிறார். வராத மாதத்தில் அழித்திருக்கிறார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது.

"முடிந்தபோதெல்லாம் அனுப்புகிறேன்" என்ற உங்கள் வரியைப் படித்ததும் அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. எப்போது வரும் என்று தெரியாத பணத்தை நம்பி யாரும் வேலையை விட மாட்டார்கள். நீங்கள் விடுவீர்களா? 6,000 என்று சொல்லி ஒரு மாதம் 4,000, மறுமாதம் ஒன்றுமில்லை என்று போவதைவிட, 3,000 என்று சொல்லி மாதம் 5ஆம் தேதி தவறாமல் 3,000 போய்ச் சேரட்டும். வங்கியில் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அது தானே போகும், உங்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஆறு மாதம் அப்படி வந்தால் அம்மா அதைப் பேனாவில் எழுதத் தொடங்குவார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

அப்போதும் முழுசாக விடு என்று ஆரம்பிக்காதீர்கள். திருப்பூரில் வேலை என்றால் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை. உங்கள் 3,000 அந்த அரை ஷிப்டை வெட்டப் பயன்படட்டும். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு பார்ப்பதற்குப் பதில், உட்கார்ந்து பிசிர் வெட்டும் வேலை கிடைக்குமா என்று சூப்பர்வைசரிடம் அவரே கேட்கட்டும். நீங்கள் சென்னையிலிருந்து போன் போட்டு நாட்டாமை செய்ய வேண்டாம். குறைந்தது ஒரு ஸ்டூல். நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 44ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். கடை ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் அது வர 2021 ஆயிற்று. சட்டம் இருக்கிறது, ஸ்டூலைத்தான் காணோம்.

மயக்கத்துக்கு வருகிறேன். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் கம்பெனி வேனுக்கு ஓடினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். வேறு காரணமும் இருக்கலாம். டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. பார்த்தாரா? அதையும் எழுதவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். கண்ணையும் காட்டச் சொல்லுங்கள். செக்கிங் செய்கிறவருக்குக் கண்தான் மூலதனம். கண்புரை என்றால் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் இலவசம்.

இப்போது அவருடைய சொந்தப் பணத்தைத் தேடுவோம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா, பிடிக்கிறார்களா? பிடித்திருந்தால் அன்றைக்கு மூன்றாம் நாள் வேலைக்கு ஓடியிருக்கவே வேண்டாம். இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், முதல் இரண்டு நாள் போக, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தவணைக் கிழமைக்கு அது கைகொடுத்திருக்கும்.

அடுத்தது பி.எஃப். பத்து வருடம் கட்டியிருந்தால் 58 முடிந்ததுமே பென்ஷன் உண்டு. வேலையை விட்டால்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை, வேலையில் இருந்தபடியே வாங்கலாம். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் தொகை வந்துவிடும்: 7,000 ரூபாய், 15 வருடம் என்றால் 1,500. குறைந்தபட்சம் 1,000 என்று 2014 செப்டம்பரில் வைத்தார்கள். ஒன்றரை ஆயிரம் என்ன காசு என்று கேட்காதீர்கள், அவருடைய பாதி மாத அரிசி பருப்பு அது. சிக்கல் எங்கே என்றால், பனியன் கம்பெனியில் ஒரே இடத்தில் பத்து வருடம் நின்றவர்கள் குறைவு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பழைய பி.எஃப். நம்பர் இருக்கும். யு.ஏ.என். என்ற பொது நம்பர் வந்ததே 2014இல்தான். பழைய நம்பர்களை அதோடு சேர்த்தால்தான் வருடம் கூடும். இதற்கு அலைய வேண்டும், இணையத்தில் உட்கார வேண்டும், பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் திருத்த வேண்டும். 63 வயதில் அவரால் ஆகாது. உங்களால் ஆகும். காண்ட்ராக்டில், பீஸ் ரேட்டில் வைத்திருந்தார்கள் என்றால் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரம் 2,200 என்றால் வருடத்துக்கு 1,14,400. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு 1,20,000. அவருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால் வருமானச் சான்று வாங்கி இந்த மாதமே அட்டை எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஓடாதீர்கள்.

முதியோர் பென்ஷன் கேட்டிருக்கிறீர்கள். 1962இல் ஆதரவற்ற முதியோருக்காகத் தொடங்கியது அது. 2023இல் தொகை 1,200 ஆயிற்று. நீங்கள் மூன்று பிள்ளைகள். அம்மாவை ஆதரவற்றவர் என்று எழுதிக் கொடுக்க எந்தப் புரோக்கரும் தயாராக இருப்பார். நீங்கள் தயாரா?

தம்பி விஷயம். 2007ஆம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மாதம் 10,000 வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். வக்கீல் தேவையில்லை. ஆனால் மனு அம்மா கொடுக்க வேண்டியது, அண்ணன் தம்பி மேல் கொடுப்பது கிடையாது. அம்மா எழுத உட்கார்ந்தால் மூத்தவர் பெயர்தான் முதலில் வரும். பிள்ளைகள் என்றால் அந்தச் சட்டத்தில் மகளும் சேர்த்திதான். அதற்கெல்லாம் போவதற்கு முன்னால் குழுக்கடன் பாக்கியை மூன்றாகப் பிரித்து, உங்கள் பங்கை நீங்கள் முதலில் கட்டுங்கள். கட்டிய ரசீதோடு தம்பியிடமும் தங்கையிடமும் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சென்னைக்கு வரச் சொல்கிறீர்கள். வரட்டும், நல்லதுதான், அவருக்கு விருப்பம் இருந்தால். ஆனால் "பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக" என்பதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர் இரண்டு குழந்தைகள் பின்னால் நாள் முழுக்க ஓடுவதற்குப் பெயர் ஓய்வா? டிரான்ஸ்பர் என்பார்கள். கவர்ன்மெண்டில் அதற்குப் படியாவது உண்டு. திருப்பூரில் அவர் கையில் வாரா வாரம் காசு புரள்கிறது, பேச ஆள் இருக்கிறது. சென்னைக்கு வந்து தலைவலி மாத்திரைக்கு மருமகளிடம் கை நீட்டும் நிலைமை என்றால் நானாக இருந்தாலும் மறுப்பேன். வந்தாலும் அந்த 5ஆம் தேதிப் பணம் அவர் கணக்குக்குப் போவது நிற்கக் கூடாது.

சரி, இந்தச் சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சனிக்கிழமை அங்கே சம்பள நாள். ஞாயிறு விடியலில் நீங்கள் போய் இறங்கும்போது அம்மா கவரைப் பிரித்துக் கணக்குப் பார்க்கும் நேரமாக இருக்கும். இந்தத் தடவை வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். "சும்மா உக்காந்தா கை காலு புடிச்சுக்கும் கண்ணு" என்று அவராகவே ஆரம்பித்தாலும் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: வாடகை, தவணை, தவணைக் கிழமை, மருந்து. அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பழைய சம்பளச் சீட்டு, பி.எஃப். சீட்டு என்று எது கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வாருங்கள். பேனாவை நீங்களே கொண்டுபோங்கள்.