வாசகர் கேள்வி–பதில்: ஒசெட் கடற்கரை நடை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒசெட் சுற்றுப்பாதை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: ஒசெட் சுற்றை ஒரே நாளில் நிதானமாக முடிக்க முடியுமா? அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரும் வருகிறார்கள்.

ப: ஒசெட் ஏரிக்கரையில் கிளம்பினால் கேப் அலாவா வரை 5.3 கி.மீ. காட்டுப் பாதை. அங்கிருந்து தெற்கே சாண்ட் பாயின்ட் வரை 5 கி.மீ. கடற்கரை. பிறகு 4.5 கி.மீ. காட்டு வழியே கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். மொத்தம் சுமார் 15 கி.மீ.; பெரிய ஏற்றங்கள் இல்லை. தினமும் நடந்து பழகியவர்களால் முடியும். ஆனால் நடுவிலுள்ள அந்த 5 கி.மீ.யை மெரினா மணல் போல நினைத்துவிடாதீர்கள். உருண்டைக் கற்களும் பாசி படிந்த பாறைகளும் ஆள் உயரத்துக்குக் கரை ஒதுங்கிக் கிடக்கும் மரங்களுமாக இருக்கும். மணிக்கு இரண்டு கி.மீ. நடந்தாலே நல்ல வேகம்.

பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் சாண்ட் பாயின்ட் மட்டும் போய் அதே வழியில் திரும்புங்கள். மொத்தம் 9 கி.மீ.தான், அந்தப் பக்கம் மணலும் நன்றாக இருக்கும். சியாட்டிலிலிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முதல் நாளே பக்கத்தில் வந்து தங்கிவிடுவது நல்லது. அங்கே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கே: ஓத அட்டவணை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். அதை எப்படிப் பார்ப்பது?

ப: இந்த நடையில் புறப்படும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும். இங்கே ஒரு நாளில் பொதுவாக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு ஏற்றமும் ஒரே உயரம் அல்ல; இரண்டு வற்றமும் அப்படித்தான். ஆகவே நேரத்தோடு உயரத்தையும் பாருங்கள். லா புஷ் என்ற இடத்துக்கான அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அட்டவணை அந்தக் கோடைக்கால நேரத்துக்கு மாற்றப்பட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றாத அட்டவணை என்றால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

உதாரணத்துக்கு, வற்றம் காலை 10.40 என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் கேப் அலாவா. அப்போது கடல் இறங்கிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணி வாக்கில் சாண்ட் பாயின்ட் வந்துவிடலாம். வற்றத்துக்குப் பிந்திய முதல் மணி நேரத்தில் நீர் ஏறுவதே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் வேகமாக ஏறும். "இன்னும் நேரம் இருக்கிறது" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். மறுநாள் நடப்பதானால் வற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

அட்டவணை என்பது வெறும் கணிப்பு. கரையை நோக்கிக் காற்று பலமாக வீசினாலும், புயல் சின்னம் இருந்தாலும் நீர் அதைவிட உயரமாக ஏறும். கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைச் சுற்ற முடியாதபோது, கரை மரங்களில் சிவப்பும் கறுப்புமான வட்டப் பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். மேட்டு வழி தொடங்கும் இடம் அதுதான். அலை தொடும் தூரத்தில் கிடக்கும் மரங்கள் மீது மட்டும் ஏறவே ஏறாதீர்கள். டன் கணக்கில் எடையுள்ள மரத்தையும் ஓர் அலை உருட்டிவிடும். இந்தக் கரையில் உயிரைப் பறிக்கக்கூடியது அது.

கே: என்ன செருப்பு, ஷூ போடலாம்?

ப: காட்டுப் பகுதியில் பல இடங்களில் மரப்பலகை பாவியிருக்கிறது. நனைந்தால் சோப்புப் போட்டதுபோல வழுக்கும். மிருதுவான ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ போடுங்கள். கடினமான அடிப்பாகம் வேண்டாம். ஊன்றுகோலின் இரும்பு முனைக்கு ரப்பர் மூடி மாட்டுங்கள். கோடையிலும் மழைச்சட்டை வேண்டும்.

கே: ஓர் இரவு தங்குவதானால் சாப்பாடு, தண்ணீர்?

ப: கூடாரம் போட முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். உணவை 'பேர் கேனிஸ்டர்' எனப்படும் கெட்டியான டப்பாவில்தான் வைக்க வேண்டும், அது விதி. கரடியைவிட இங்கே ரக்கூன் என்ற சிறு விலங்குதான் தொல்லை. துணிப்பையைக் கிழித்துவிடும், மரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் ஏறி எடுத்துவிடும். இட்லிப்பொடி, ஊறுகாய், பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பை என மணமுள்ள எல்லாமே டப்பாவுக்குள் போக வேண்டும். எனவே பொரி, சிப்ஸ் போல இடத்தை அடைப்பவற்றைத் தவிர்த்து அவல், சத்துமாவு, வேர்க்கடலை என்று கட்டுங்கள்.

ஓடை நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். இலைதழை ஊறிய சாயம்தான், நிறத்தால் தீங்கில்லை. ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் கிருமிகளுக்காகக் கட்டாயம் கொதிக்க வையுங்கள் அல்லது வடிகட்டுங்கள். அயோடின் மாத்திரை இரண்டாவதைக் கொல்லாது. கோடையின் கடைசியில் ஓடைகள் வற்றும் என்பதால் ஆளுக்கு இரண்டு லிட்டராவது காரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அடுப்பும் வேண்டும்: கேப் அலாவாவுக்கும் சாண்ட் பாயின்ட்டுக்கும் நடுவிலுள்ள வெடிங் ராக்ஸ் பாறைகளிலிருந்து, சாண்ட் பாயின்ட்டுக்குத் தெற்கே உள்ள யெல்லோ பேங்க்ஸ் வரை விறகு மூட்டத் தடை.

கே: வழியில் பழைய பாறைச் செதுக்கல்கள் உண்டாமே?

ப: வெடிங் ராக்ஸில் உள்ளன. திமிங்கிலங்கள், முகங்கள், ஒரு பாய்மரக் கப்பல்கூட உண்டு. ஏற்ற நீர் எட்டும் கோட்டை ஒட்டிய பாறைகளில் தேடுங்கள். விரலால் தடவுவதும் சாக்பீஸால் கோடு இழுப்பதும் கூடாது. அவை மக்கா பழங்குடியினரின் மூதாதையர் விட்டுச்சென்றவை. கேப் அலாவா அருகே அவர்களுடைய ஒசெட் கிராமத்தின் சில வீடுகள் சில நூற்றாண்டுகளுக்கு முன் மண்சரிவில் புதைந்தன. 1970இல் ஒரு புயல் கரையை அரித்து அவற்றை வெளிக்காட்டியது. பதினோரு ஆண்டு அகழாய்வில் 55,000க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. ஈரச் சேறு காற்றை அண்டவிடாததால் மரமும் கூடைகளும்கூட மக்காமல் இருந்தன. நடையில் அவற்றைப் பார்க்க முடியாது. நியா பே என்ற ஊரில் மக்கா மக்களே நடத்தும் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இந்தப் பயணத்தில் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

கே: அங்கே சுனாமி அபாயம் உண்டா?

ப: உண்டு. 1700 ஜனவரி 26 அன்று இந்தக் கரையோரப் பிளவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு, சுனாமி ஜப்பான் வரை போனது. தரை பலமாக அதிர்ந்தால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல், சாமான்களை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடாதீர்கள். அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் வரலாம்.