பட்டியல் காலியாக இருந்தால் அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது?

கேள்வி: பயனர் டிக் செய்த வகைகளின் ஐடிகளைக் கமா போட்டுச் சேர்த்து, 'வேர் வகை_ஐடி இன் (...)' என்று, அந்தப் பட்டியலில் உள்ள வகைகளின் வரிசைகளை மட்டும் கேட்கும் எஸ்கியூஎல் குவெரி (டேட்டாபேஸுக்கான கட்டளை) எழுதுகிறேன். எதையும் டிக் செய்யாவிட்டால் சின்டாக்ஸ் எரர். உள்ளே நல் (NULL, அதாவது 'மதிப்பு இல்லை' என்பதற்கான குறி) போட்டால் எரர் போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள், பின்னால் கடிக்கும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ்கள் எதிலும் வெற்று அடைப்புக்குறி செல்லாது. எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும், அதனால் உங்கள் கணினியில் ஓடியது சர்வரில் போய் உடையலாம்.

'இன் (நல்)' ஒரு வரிசையையும் தராது, அதனால் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் யாராவது நாளைக்கு அதே வழியை, பட்டியலில் உள்ளவற்றை விலக்கும் 'நாட் இன்'-க்கும் எடுப்பார்கள். விலக்க வேண்டியது எதுவுமில்லை என்றால் எல்லா வரிசையும் வர வேண்டும் அல்லவா? வராது. 5-ஐ நல்லுடன் ஒப்பிட்டால் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, 'தெரியாது' என்றுதான் விடை, வேர் அதைத் தள்ளிவிடும். எரரே இல்லாமல் வெற்று ரிப்போர்ட் வரும், காரணம் தேடி நாள் முழுக்கப் போகும். நல்லுக்குப் பதில், எந்த வகைக்கும் இல்லாத ஐடியாக -1 போடுவது பரவாயில்லை, ஆனாலும் 'நாட் இன் (-1)' என்றால் வகை_ஐடி நல்லாக உள்ள வரிசைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

முதலில் காலிப் பட்டியலுக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் திரையில் டிக் இல்லை என்றால் 'எல்லாம் காட்டு' என்பதுதான் பெரும்பாலும் அர்த்தம், அப்போது அந்த நிபந்தனையையே சேர்க்காதீர்கள். ஆனால் அதே பழக்கத்தில், பயனருக்கு அனுமதி உள்ள கிளைகளின் பட்டியல் காலியாக வரும்போதும் நிபந்தனையை விட்டுவிட்டால், எதையும் பார்க்கக் கூடாதவர் எல்லாவற்றையும் பார்ப்பார். டெலீட் குவெரியில் விட்டால் டேபிளே காலி. அங்கெல்லாம் எப்போதும் பொய்யாகும் '1 = 0' என்ற நிபந்தனையைப் போடுங்கள், இல்லையென்றால் குவெரியை ஓட்டாமலே கோடிலிருந்து வெற்று விடையைத் திருப்பி அனுப்புங்கள், எனக்கு இதுதான் பிடிக்கும்.

போஸ்ட்கிரெஸ் என்றால் இன்னும் எளிது: '= எனி' (ஏதாவது ஒன்றுக்குச் சமம்) என்று எழுதி ஐடிகளை ஒரே அரே பாராமீட்டராக, அதாவது குவெரிக்கு வெளியே தனியாகத் தரும் ஒரே பட்டியலாக, அனுப்புங்கள், அரே காலியாக இருந்தாலும் எரர் வராது, ஒரு வரிசையும் வராது. விலக்குவதற்கு '<> ஆல்', காலி அரே என்றால் நல் உட்பட எல்லா வரிசையும் வரும். அப்புறம், எந்த டேட்டாபேஸ் ஆனாலும் பயனர் அனுப்பும் மதிப்புகளைக் கமா போட்டு ஒட்டுவதை இன்றே நிறுத்துங்கள், எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு (பயனர் தரும் மதிப்புக்குள் கட்டளையை நுழைத்து டேட்டாபேஸைத் தாக்குவது) அதுதான் வாசல்.