வாசகர் கேள்வி: திரும்பும் இடத்திலா இளமை?

கேள்வி: இரட்டைச் சகோதரிகளில் விண்கலத்தில் போய்த் திரும்பியவள் இளையவளாக இருப்பாள் என்கிறார்கள். அவளுக்கு மட்டும் முடுக்கம் இருந்ததுதான் காரணமா? அப்படியானால் பொதுச் சார்பியல் தேவைப்படாதா?
– வாசகர், மேலூர்

பதில்: தேவையில்லை, ஐன்ஸ்டைன் 1905-இல் தந்த, ஈர்ப்பைக் கணக்கில் எடுக்காத சிறப்புச் சார்பியலே போதும். மீனா மதுரையில் இருக்கிறாள். கயல் ஒளிவேகத்தில் 80 சதவீத வேகத்தில் 4 ஒளியாண்டு தொலைவு போய், சட்டென்று திரும்பி அதே வேகத்தில் வருகிறாள். மீனாவுக்குப் போக 5, வர 5, ஆக 10 ஆண்டு. கயலுக்கு? நேரமான 5-இன் வர்க்கத்தில் தொலைவான 4-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள்: 3. போக வர 6. இதில் முடுக்கம் எங்கே வந்தது? 8 ஒளியாண்டு போனால் வித்தியாசமும் இரட்டிப்பாகி 8 ஆண்டாகும். திரும்பிய விதமோ அதேதான்.

முடுக்கத்தை அடியோடு நீக்கியும் பார்க்கலாம். கயல் திரும்பாமல் நேரே போகட்டும். எதிரே மதுரையை நோக்கி அதே வேகத்தில் வரும் இன்னொரு கலம், கடக்கும் நொடியில் அவள் கடிகாரம் காட்டும் 3-ஐத் தன் கடிகாரத்தில் வைத்துக்கொள்கிறது. மதுரையைத் தொடும்போது அது காட்டுவது 6.

சோதனையும் உண்டு. 1977-இல் வெளியான செர்ன் (ஐரோப்பிய துகள் ஆய்வகம்) முடிவில், வளையத்தில் சுற்றிய மியுவான்களின் (சீக்கிரம் சிதைந்துவிடும் நுண்துகள்களின்) முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் பத்தாயிரம் கோடி கோடி மடங்கு. 2.2 மைக்ரோ நொடி ஆயுள் 64 ஆக நீண்டது. வேகத்தை மட்டும் வைத்துப் போடும் கணக்கும் அதையே சொல்கிறது. முடுக்கத்துக்கென்று தனிப் பங்கு தெரியவில்லை.

திண்டுக்கல்லுக்கு வாடிப்பட்டி வழியாகப் போவதைவிட உசிலம்பட்டி, வத்தலக்குண்டு சுற்றிப் போனால் கிலோமீட்டர் கூடும். கூடுவது சுற்றுப்பாதையால்; வளைவில் ஸ்டியரிங் திருப்பியதால் அல்ல. நேரமும் இடமும் சேர்ந்த காலவெளியில், மேலே போட்ட கணக்கைப்போல், கூட்டலுக்குப் பதில் கழித்தல் குறி இருப்பதால், சுற்றிப் போனவருக்கு நேரம் குறைகிறது. முடுக்கத்தின் வேலை, திரும்பியது யார் என்று காட்டுவது மட்டும்.

மாணவர்கள் தவறுவது இங்கே: கயலின் பார்வையில் மீனாதான் நகர்கிறாள், எனவே மீனாவின் கடிகாரம்தான் மெதுவாக ஓடும், கயலின் 3 ஆண்டுக்கு அது 1.8, இரு வழிக்கும் 3.6 என்று போட்டுவிடுகிறார்கள். கயல் திரும்பியதும் 'மதுரையில் இப்போது' என்று அவள் கணக்கிடும் நேரம் 1.8-இலிருந்து 8.2-க்குத் தாவுகிறது. விட்டுப்போன 6.4 அதுதான். மீனாவுக்கு அந்தக் கணத்தில் எதுவும் நேர்வதில்லை.

நம்பக் கடினமாக இருந்தால் சிக்னலை எண்ணுங்கள். இருவரும் ஆண்டுக்கொரு ரேடியோ சிக்னல் அனுப்பட்டும். விலகும்போது மூன்றில் ஒரு பங்கு வீதத்திலும், நெருங்கும்போது மூன்று மடங்கிலும் அவை வந்து சேரும். கயலுக்குப் போகையில் 1, வருகையில் 9, மொத்தம் 10. மீனாவுக்கோ, கயல் திரும்பிய செய்தியே 5-உடன் 4 கூட்டி 9-ஆம் ஆண்டில்தான் வரும். அதுவரை 3 சிக்னல், கடைசி ஓராண்டில் 3.